தொண்ணூற்றெட்டு மார்க் போடும் மைக்

சிறுமி பாடி முடித்ததும் டிவி திரையில் வாணவேடிக்கை வெடித்தது. நடுவில் பெரிய எழுத்தில் 98. கீழே மூன்று நட்சத்திரங்கள். அவள் கையிலிருந்த மைக்கைத் தம்பி பிடுங்கினான். பின்னணி இசை ஓட ஓட, ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். மறுபடியும் வாணவேடிக்கை. 96.

"எட்டு எடத்துல சுருதி போச்சு" என்றார், மூலையில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்த பாட்டி. "மெஷினு எதைக் கேட்டு மார்க்கு போடுது?"

கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலை மேடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தோட்ட வீடு அது. சிறுமியின் அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இணையத்தில் தேடி 260 வெள்ளி கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கியிருந்தார். டிவியில் செருகும் சிறிய பெட்டி, இரண்டு மைக், ஒரு ரிமோட். மலைக்கு வந்து சேரப் பத்து நாள் ஆனது.

"சுருதி சரியா இருக்கான்னு சொல்லும்னு போட்டிருந்தான், அண்ணே. அதுக்குத்தான் வாங்கினேன். பாப்பா திருமுறைப் போட்டிக்குப் போறா. அம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க, இப்ப அவங்களுக்கு மூச்சு பத்தல. இது நெசமாவே கேக்குதா, இல்ல சும்மா போடுதா?" என்று என்னிடம் கேட்டார்.

மைக்கை அணைத்துவிட்டு ஒரு பாட்டை முழுதாக ஓடவிட்டோம். யாரும் பாடவில்லை. 71 போட்டது.

மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 260 வெள்ளி என்பது அதில் ஏழில் ஒரு பங்குக்கும் மேல். மகளின் பாட்டுக்காக ஒரு தோட்டத் தொழிலாளி அவ்வளவு எடுத்து வைத்தால், கைக்கு வரும் கருவி உண்மை பேச வேண்டும். கடைகளிலும் இணையத்திலும் இப்படிப்பட்ட பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. எது கேட்கிறது, எது கேட்பதுபோல் நடிக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

இந்த மலைக்குப் பாட்டு புதிதல்ல. வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்தது 1885இல். ஜே. ஏ. ரஸ்ஸல் தேயிலை போடத் தொடங்கியது 1929இல். காட்டை வெட்டிச் செடி நட்டவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு கோயிலும் பஜனையும் தப்பும் உறுமியும் வந்தன. இன்று மேட்டில் கொழுந்து வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் அதிகம். தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. இருக்கும் வீடுகளில் காலை அடுப்போடு வானொலியில் மின்னல் எப்எம்மோ ராகாவோ தொடங்கிவிடும். பாட்டியின் தலைமுறை கையால் கொழுந்து கிள்ளியது, பிறகு கத்திரிக்கு மாறியது. கிள்ளும்போது ஒருத்தி எடுத்துக் கொடுக்க நிரை முழுக்க வாங்கிப் பாடுவார்களாம். "கத்திரி வந்தப்புறம் அந்தச் சத்தத்துல யாரு பாட்டு யாருக்குக் கேக்கும்?" என்றார் பாட்டி.

2023இல் ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடையில் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி பாடினாள். அந்தப் பருவத்தில் பட்டம் வென்ற கில்மிஷா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அதற்குப் பிறகு, தோட்ட வீடுகளில் பிள்ளைகளைப் பாட வைக்கும் ஆசை கூடியிருக்கிறது என்று நான் போன இடங்களிலெல்லாம் கேட்டேன். ஆசை இருக்கிறது. பாட்டு வாத்தியார் இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்தப் பெட்டிகள் விற்கின்றன.

ஒரு கருவி சுருதி சொல்ல வேண்டுமானால் அதற்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பாடுகிற ஸ்வரம் எது, நீங்கள் பாடியிருக்க வேண்டிய ஸ்வரம் எது.

முதலாவது இன்றைக்குச் சுலபம். குரல்நாண் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று எண்ணினால் போதும். நம் பாடகர்கள் 'ஆறு கட்டை' என்று சொல்லும் சுருதியில் ஸட்ஜம் 220 அதிர்வு. மேல் ஸட்ஜம் அதற்குச் சரியாக இரண்டு மடங்கு, 440. உலகம் முழுக்க வாத்தியங்களைச் சுருதி கூட்டப் பிடிக்கும் புள்ளியும் அந்த 440தான். இடைப்பட்ட தூரத்தைப் பன்னிரண்டு அரைப்படிகளாகவும், ஒவ்வொரு அரைப்படியையும் நூறு 'சென்ட்' ஆகவும் பிரித்திருக்கிறார்கள். பழகிய காது பத்து சென்ட் பிசகையும் பிடித்துவிடும். இரண்டு மூன்று அதிர்வு காதில் விழுந்தாலே கணக்கு சொல்லிவிடும் நிரல்கள் வந்துவிட்டன. 2002இல் வெளியான 'யின்' என்ற முறை அவற்றில் பெயர் பெற்றது. இந்தக் கணக்கைச் செய்ய விலை உயர்ந்த பெட்டி எதுவும் தேவையில்லை. சட்டைப்பையில் இருக்கும் போன் செய்யும்.

சிக்கல் இரண்டாவதில். பாடியிருக்க வேண்டிய ஸ்வரத்தைக் கருவிக்கு யார் சொல்வது? பாட்டின் மெட்டு ஸ்வரம் ஸ்வரமாக, நேரத்தோடு எழுதிய கோப்பாக உள்ளே இருந்தால் ஒப்பிடலாம். ஜப்பானிய, சீன, ஆங்கிலப் பாடல்களுக்கு அப்படிப்பட்ட கோப்புகள் ஏராளம். தமிழில் நாம் பாடுவது பெரும்பாலும் யூடியூபில் கிடைக்கும் மைனஸ் ஒன் வீடியோ. அதில் இசை உண்டு, ஓடுகிற வரிகள் உண்டு, மெட்டு கிடையாது. மெட்டு தெரியாத கருவி சுருதி பிசகியது என்று எப்படிச் சொல்லும்? மைக்கில் சத்தம் வந்ததா, எவ்வளவு உரக்க வந்தது என்று பார்த்து ஒரு எண்ணைப் போடும். அதையும் பார்க்காமல் போடுவதும் உண்டு. 71 அங்கிருந்துதான் வந்தது.

ஆகவே 'மார்க் போடும்' என்ற விளம்பரத்துக்கும் 'சுருதி காட்டும்' என்பதற்கும் சம்பந்தம் இல்லை. நமக்கு வேண்டியது எண் அல்ல, கோடு. பாடும்போதே திரையில் நகர்கிற ஒரு கோடு. குரல் ஏறினால் அதுவும் ஏறும், தாழ்ந்தால் தாழும். மேலே போய்விட்டோமா, கீழே நிற்கிறோமா, எவ்வளவு தூரத்தில் என்பதைக் கண் பார்த்ததும் குரல் திருந்துகிறது. பாட்டு முடிந்தபின் வரும் 98ஐ வைத்து எந்த இடத்தைத் திருத்துவது?

கரோக்கே பிறந்த கதையே இதற்கு நல்ல வழிகாட்டி. ஜப்பானின் கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர் தாய்சுகே இனோவே. அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் சிறு நிறுவனத்தின் தலைவர். பாட ஆசை, தாளத்தில் நிற்காது. நிறுவனத்து ஆட்களோடு வெந்நீர் ஊற்று ஊருக்குச் சுற்றுலா போகையில் இனோவேயைக் கூட அழைத்தார். இனோவேயால் போக முடியவில்லை. அவர் குரலுக்கும் போக்குக்கும் தக்கபடி வாசித்து, ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்துதான் 1971இல் பதினொரு இயந்திரங்கள் செய்து கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்கவில்லை. 'கரா' என்றால் வெறுமை, 'ஓகே' என்பது ஆர்கெஸ்ட்ரா என்ற சொல்லின் ஜப்பானியச் சுருக்கம். ஒரு தனி மனிதரின் குரலுக்கு இசையை இறக்கிக் கொடுத்ததுதான் இதன் தொடக்கம்.

கருவி வாங்கும்போது நான் முதலில் தேடுவதும் அதையே. கட்டை மாற்றும் பொத்தான் இருக்கிறதா? ஆண் குரலில் பதிவான பாட்டு ஒன்றரைக் கட்டையில் இருக்கும். ஒரு பெண் பிள்ளைக்கு ஐந்தோ ஐந்தரையோ வேண்டும். பொத்தான் இல்லாவிட்டால் பிள்ளை தொண்டையை இறுக்கிக்கொண்டு கீழே தடவும், அல்லது மேலே போய்க் கத்தும். சுருதி பிசகுவதற்குப் பாதிக் காரணம் குரலுக்குப் பொருந்தாத கட்டைதான் என்பது என் எண்ணம். அரை அரைப் படியாக ஏற்றி இறக்கும் வசதி இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஸ்ட்ராபெரிக்கும் சோளத்துக்கும் நடுவே வண்ண விளக்கு எரியும் புளூடூத் மைக்குகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஐம்பது வெள்ளிக்குள் அடங்கும். பிள்ளைகளுக்கு விளையாட நல்ல பொருள், பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கலாம். சுருதி பழக மட்டும் அது உதவாது. காரணம் எளிமையானது. போனிலிருந்து இசை மைக்குக்கு வருகிறது. குரலோ மைக்கிலேயே இருக்கும் ஸ்பீக்கர் வழியாக வெளியே போய்விடுகிறது, போனுக்குத் திரும்பிப் போவதில்லை. போனில் எந்தச் செயலியைத் திறந்தாலும் அது தன் சொந்த மைக்கால், அறையில் கலந்து ஒலிக்கும் இசையையும் குரலையும் சேர்த்துத்தான் கேட்கிறது. வயலினையும் பிள்ளையையும் பிரிக்கத் தெரியாமல் கோடு தாறுமாறாகக் குதிக்கும்.

புளூடூத்துக்கு இன்னொரு குறையும் உண்டு, தாமதம். சாதாரண புளூடூத்தில் ஒலி காதுக்கு வருவதற்குள் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். பாடும்போது தன் குரல் அவ்வளவு பிந்திக் கேட்டால் நல்ல பாடகரே தடுமாறிப்போவார். பழகும் பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம்.

அந்த வீட்டில் கடைசியில் வேலை செய்தது மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு கம்பி இயர்போன். வாயருகே மைக் வைத்த பழைய வகை. இருபது முப்பது வெள்ளிக்குள் கிடைப்பது. போனில் செருகினோம். புதுப் போன்களில் வட்டத் துளை இல்லாவிட்டால் ஒரு சிறிய மாற்றுக் கம்பி தேவைப்படும். இசை காதுக்குள் மட்டும் ஒலித்தது, மைக்குக்குக் குரல் மட்டும் போனது. ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு மறு காதைத் திறந்துவிடச் சொன்னேன். அப்போதுதான் தன் குரல் தனக்குக் கேட்கும். ஸ்வரத்தைக் கோடாக வரைந்து காட்டும் இலவசச் செயலிகள் பல இருக்கின்றன. அவற்றில் கணக்கு எதுவும் கேட்காத ஒன்றை இறக்கினோம்.

"ஆ" என்றாள். திரையில் பச்சைக் கோடு எழுந்து, நடுங்கி, ஒரு கட்டத்துக்கு மேல் வந்து நின்றது. அவள் கண் விரிந்தது. குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள், கோடு தாழ்ந்தது. மறுபடி ஏற்றினாள். கால் மணி நேரத்துக்கு யாரும் சொல்லாமல் அதையே செய்துகொண்டிருந்தாள். பெட்டி 98 போட்டபோது அவளுக்கு வந்த சிரிப்பு வேறு. இப்போது சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு கோட்டையே பார்த்தாள்.

மெட்டும் கோடும் ஒன்றாகத் திரையில் வேண்டுமென்றால் ஸ்மூல், ஸ்டார்மேக்கர் போன்ற செயலிகளில் தமிழ்ப் பாட்டுகள் கிடைக்கின்றன. சிலவற்றில் பாட வேண்டிய ஸ்வரம் பட்டையாக வரும், நம் குரல் அதன்மேல் ஓடும். பெரியவர்களுக்கு அது சரி. அவை முகமறியாதவர்கள் சேர்ந்து பாடும், செய்தி அனுப்பும் இடங்களும்கூட. பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க நான் விரும்பமாட்டேன். கொடுத்தால் அப்பாவின் கணக்கில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்.

பழைய லேப்டாப் இருக்கிற வீட்டுக்கு வேறொரு வழி இருக்கிறது. என் மனதுக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. 'அல்ட்ராஸ்டார் டீலக்ஸ்' என்ற இலவச மென்பொருள். சோனி 2004இல் வெளியிட்ட 'சிங்ஸ்டார்' விளையாட்டின் வழியில் ஆர்வலர்கள் எழுதியது. பாட வேண்டிய ஸ்வரங்கள் பட்டைகளாக வரும், குரல் அவற்றின்மேல் ஓடும். இணையம் வேண்டாம். மேகம் இறங்கினால் தொடர்பு அறுந்துபோகும் பள்ளத்தாக்கு வீடுகளுக்கு இது பெரிய வசதி. பழைய சிங்ஸ்டார் மைக் கிடைத்தால் அதையும் செருகிக்கொள்ளலாம்.

இதன் அழகு என்னவென்றால், பாட்டை நாமே எழுதிக்கொள்ளலாம். சாதாரண எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு அசைக்கும் ஒரு வரி. எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது, எந்த ஸ்வரம், என்ன எழுத்து. கீபோர்டின் நடுவிலுள்ள ஒரு கட்டைக்கு எண் 0. அரைப்படி ஏற ஏற எண் ஒன்று கூடும். அசை தமிழிலேயே இருக்கலாம். கீபோர்டு கொஞ்சம் தெரிந்த அண்ணனோ அக்காளோ வீட்டில் இருந்தால், ஒரு சனிக்கிழமையில் ஒரு பாட்டை எழுதி முடித்துவிடலாம். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாருக்கும் அது போதும். ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் மலை முழுக்கப் பயன்படும் பாட்டுத் தொகுப்பு உருவாகிவிடும். யாராவது தொடங்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

அல்ட்ராஸ்டாரில் மூன்று நிலைகள் உண்டு. சுலப நிலையில் இரண்டு அரைப்படி தள்ளிப் பாடினாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளும். இரண்டு அரைப்படி என்றால் 'ஸ' பாட வேண்டிய இடத்தில் 'ரி' பாடுவது. நடு நிலையில் ஓர் அரைப்படி. கடின நிலையில்தான் அந்த ஸ்வரத்தையே கேட்கும். பிள்ளை சுலப நிலையில் ஆயிரக்கணக்கில் புள்ளி வாங்கிவிட்டு, போட்டி மேடையில் ஏன் தோற்றோம் என்று அழக்கூடாது. முதல் நாளே கடின நிலையில் வைத்துவிடுங்கள். புள்ளி குறைவாக வரட்டும்.

இனி நம் இசைக்கே உரிய ஒரு விஷயம். நம் பாட்டில் ஸ்வரம் ஓரிடத்தில் சும்மா நிற்பதில்லை. அசையும், வழுக்கும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வரும். அந்தக் கமகம்தான் ராகத்துக்கு உயிர். மேற்கத்திய மெட்டுக்காகச் செய்த கருவி அதைப் பிசகு என்று எண்ணிவிடும். நேராக, கட்டை போலப் பாடுகிற பிள்ளைக்கு அதிகப் புள்ளி, பாவத்தோடு இழைக்கிற பிள்ளைக்குக் குறைவு. ஜப்பானியர்கள் தங்கள் பாட்டுக்கு இந்த அநியாயம் நடக்க விடவில்லை. அங்கே 'டாம்' கரோக்கே இயந்திரங்களின் நுண்மதிப்பீட்டில் ஸ்வரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறுவதை 'ஷக்குரி' என்றும், ஸ்வரத்தைச் சட்டென்று சுழற்றுவதைக் 'கொபுஷி' என்றும் தனித்தனியாக எண்ணிக் காட்டுகிறார்கள். 'எங்கா' என்னும் அவர்களுடைய மரபுப்பாணிப் பாடல்களுக்கு அவையே அணி. தமிழ்ப் பாட்டின் அசைவை அப்படி எண்ணிச் சொல்லும் வீட்டுக் கருவி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. அது வரும்வரை, கோட்டைப் பார்க்க வேண்டிய இடம் நீட்டி நிற்கும் ஸ்வரங்கள் மட்டும். வரியின் முடிவு, மூச்சு வாங்குவதற்கு முந்தைய இழுப்பு, மேல் ஸட்ஜம். அசைவுகளில் கோட்டை மறந்துவிட்டுக் காதை நம்புங்கள்.

மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் போட்டி வட்டாரத்தில் தொடங்கி, மாநிலம், தேசியம் என்று ஏறும். தேவாரத்துக்குப் பண் உண்டு. பழம்பஞ்சுரம் இன்றைய சங்கராபரணம், புறநீர்மை பூபாளம், நட்டபாடை கம்பீரநாட்டை என்று ஓதுவார்கள் பாடி வருகிறார்கள். இதற்கு மைனஸ் ஒன் எதுவும் தேவையில்லை. தம்பூரா ஒலிக்கும் ஒரு செயலி போதும். அந்தச் சிறுமி எடுத்திருந்தது பழம்பஞ்சுரப் பதிகம். அவளுக்கு ஆறு கட்டை. ஸட்ஜம் 220, பஞ்சமம் 330. தம்பூராவை ஒரு போனிலும் கோட்டை இன்னொரு போனிலும் வைத்தோம்.

பாட்டி காந்தாரத்தைப் பிடித்துக் காட்டினார். சிறுமி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "பாட்டி, நீங்க கொஞ்சம் கொறச்சலா பாடுறீங்க. கோடு கீழ நிக்குது."

உண்மையில் கீழேதான் நின்றது, ஏறத்தாழ பதினான்கு சென்ட். ஆனால் பிசகியது பாட்டி அல்ல. தம்பூராவோடு இழைந்து நிற்கும் காந்தாரம் 275 அதிர்வு. செயலியில் கோடு போட்டிருப்பது பியானோவின் கணக்கில், அங்கே அது 277. பியானோவில் எல்லாக் கட்டைக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஸ்வரங்களைச் சரிசமமாகப் பங்கிட்டதால் வந்த வித்தியாசம். "கண்ணால பாக்காத, தம்பூராவோட சேத்துக் கேளு" என்றார் பாட்டி. அவருக்கு அதிர்வுக் கணக்கு தெரியாது. சிறுமி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கோடு தானாக அந்தப் பதினான்கு சென்ட் கீழே போய் நின்றது. நான் மட்டும் பார்த்தேன். கருவியைக் கொண்டு பழகுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் கோடு சொல்வதை அப்படியே நம்பலாம். பஞ்சமத்தில் வித்தியாசம் வெறும் இரண்டு சென்ட். காந்தாரத்தில் தம்பூரா சொல்வதே சரி.

தீபாவளிக்கும் கல்யாண வீட்டுக்கும் குடும்பமே கூடிப் பாட ஒரு கருவி வேண்டுமே என்றால், அதற்குச் சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கர் தனியாக இருக்கட்டும். அதில் மார்க் போடும் வசதி இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம். குரல் இரைச்சலில்லாமல் வருகிறதா, மைக் கம்பி வைத்ததா, கட்டை மாற்றலாமா என்பதைப் பாருங்கள். கூடிப் பாட ஒன்று, பழக ஒன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் ஐநூறு வெள்ளிக்குள் தருகிறேன் என்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஈப்போவுக்கு இறங்கிக் கடையில் வாங்குகிறவர்கள் கடைக்காரத் தவ்கேயிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிச் சோதிக்கலாம். தெரிந்த பாட்டைப் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே ஸ்வரத்தில் இழுங்கள். பிறகு பாடாமல் கை தட்டுங்கள். பிறகு வாயைத் திறக்காமல் நில்லுங்கள். மூன்றுக்கும் நல்ல மார்க் வந்தால் அந்தப் பெட்டிக்குக் காது இல்லை. மார்க் குறைந்தால், அடுத்து மெட்டை ஒழுங்காகப் பாடி ஒரே ஓர் இடத்தில் வேண்டுமென்றே தாழ்ந்து பாருங்கள். அந்த இடத்தைத் திரையில் உடனே காட்டுகிறதா? காட்டினால் விலை பேசலாம். உங்கள் வீட்டில் பாடும் நாலு தமிழ்ப் பாட்டின் பெயரைச் சொல்லி அவை மெட்டோடு உள்ளே இருக்கின்றனவா என்றும் தேடிப் பாருங்கள். ஆயிரம் பாட்டு, ஐயாயிரம் பாட்டு என்று அட்டையில் போட்டிருப்பதில் தமிழ் எத்தனை என்பதே கேள்வி.

பெட்டியின் பின்புறத்தில் பாதுகாப்புக்கான சிரிம் முத்திரையைத் தேடுங்கள். இணையத்தில் வரும் பல பெட்டிகளோடு இரண்டு முள் சார்ஜர்தான் வருகிறது. அதை மூன்று முள் துளைக்குள் எதையாவது குத்தித் திறந்து செருகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பிள்ளைகள் கை வைக்கும் இடம் அது, தயவுசெய்து வேண்டாம். மலையில் ஈரம் வேறு. மைக்கின் பஞ்சு உறை இரண்டே மாதத்தில் பூஞ்சை பிடித்து வாடை அடிக்கும். வாரம் ஒரு முறை கழற்றித் துவைத்துக் காயவைத்து, மைக்கை அரிசி டப்பா மாதிரி இறுக மூடும் டப்பாவில் வைத்தால் நாள்பட உழைக்கும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பழக உட்கார வேண்டாம். அந்த இரைச்சலில் எந்த மைக்கும் குழம்பிப்போகும்.

லயத்தில் அடுத்த வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே சுவர். விடியற்காலை வேலைக்கு எழுகிறவர்கள் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார்கள். இயர்போனில் பழகினால் பிள்ளையின் குரல் மட்டும்தான் வெளியே கேட்கும். அதை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை என்றார் சிறுமியின் அம்மா.

அப்பா அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். பணம் திரும்பி வந்தால் ஈப்போவில் ஒரு நல்ல கம்பி மைக் வாங்கலாமா என்று கேட்டார். நூறு வெள்ளிக்குள் வாங்கலாம், ஆனால் இப்போதைக்கு இயர்போன் போதும் என்றேன். மிச்சத்தை மாதம் ஒரு முறை தானா ராத்தாவுக்கோ ஈப்போவுக்கோ ஓர் ஆசிரியரிடம் கூட்டிப்போகும் பஸ் காசாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். கோடு பிசகைக் காட்டும். எப்படித் திருத்துவது என்று சொல்ல மனுஷர் வேண்டும்.

"எனக்கும் அந்தக் கோட்டக் காட்டு" என்றார் பாட்டி.

சிறுமி இயர்போனை அவர் காதில் மாட்டிவிட்டாள். மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டாள். தம்பூரா ஓடியது. பாட்டி பஞ்சமத்தைப் பிடித்தார். அந்தச் சாயங்காலம் முழுக்கத் திரையில் நான் பார்த்த கோடுகளிலேயே நேரான கோடு அது. நாலு நொடி நின்றது. பிறகு மூச்சு தீர்ந்து சரியத் தொடங்கியது. சரிவதற்குள் சிறுமி அதே பஞ்சமத்தை எடுத்துக்கொண்டாள். கோடு ஒரு முறை நடுங்கிவிட்டு, அப்படியே மேலே போய் நின்றது.